மழைக்கோட்டுக்கு வெளியே

லாப்கா குடா,
மே 4, 1986

மாத்ரா அக்காவுக்கு,

தடத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஓடைக்குப் போகிற பாதையில், ஆல்டர் புதர்கள் நெருங்கி நிற்கிற வளைவில், சேற்றில் ஒரு கரடிக் கால். என் இரண்டு கால்களையும் சேர்த்து அதற்குள் வைக்கலாம். பழைய தடமாக இருந்தால் தண்ணீர் தெளிந்து நின்றிருக்கும். இதில் அப்போதுதான் ஓரத்திலிருந்து கசிந்து, குதிகால் பக்கம் நிறைந்துகொண்டிருந்தது. வாளிகளை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று மாமாவுக்கும் எனக்கும் தேநீர் கிடையாது.

நலம் விசாரிக்காமல் கரடியில் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சுகமா? டவுனில் மழை விட்டதா? அப்பாவின் கை எப்படி இருக்கிறது? ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன இடத்தில் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே கையைக் கொடுத்துவிட்டு, இப்போது உன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு உனக்கே சமையல் சொல்லிக்கொடுக்கிறாராமே. பொறுத்துக்கொள் அக்கா. மாவுக்கட்டு பிரித்ததும் கூட்டிக்கொள்கிறோம்.

அப்பா போன வாரம் எழுதியது உனக்கும் தெரிந்திருக்கும். ஜூலை பாதியில் நிக்கிஃபோர் மாமா தன் சொந்த வலையைப் பார்க்கப் போய்விடுவார். அதன் பிறகு ஒற்றைக் கையோடு அப்பாவும் நானும்தான். தண்ணீருக்கு ஓடை வரைக்கும், தபால் விமானத்துக்கு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கரை வரைக்கும் நான் தனியாக நடக்க வேண்டும். அதற்குள் ஒரு கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் சுடவும் நான் தேறாவிட்டால், இந்த வருஷம் வலையே வேண்டாம், வலை போடும் இடத்தைப் பக்கத்துக் குடாக்காரர்களுக்கு விட்டுவிட்டு நீயும் டவுனுக்கு வந்துவிடு என்கிறார். டவுனில் எனக்கு மீன் டப்பா ஆலையில் இடம் கேட்டு வைத்திருக்கிறாராம். ஒரே மேசையில் அறுபது பேர் அக்கா. பள்ளிக்கூடத்தில் இருபது பேருக்கு நடுவிலேயே என்னால் இருக்க முடியவில்லை.

இரண்டு கையிலும் வாளி இருக்கும்போது ரைபிளை எங்கே வைப்பது? அதனால் கைத்துப்பாக்கிதான். நீ வேலை செய்கிற கடையில் கயிறு, பூட்ஸோடு துப்பாக்கியும் விற்கிறார்களே. அவசரத்துக்குக் கைவிடாத துப்பாக்கி எது? மாமா தன்னுடையதே போதும் என்கிறார்.

வாளிகளை மறுநாள் எடுத்துவந்துவிட்டேன்.

ஃபெக்லா


கோடியாக் டவுன்,
மே 10

ஃபெக்லா குட்டிக்கு,

நானும் சுகம், உன் அப்பாவும் சுகம், என் சோபா மட்டும் சுகமில்லை. சித்தப்பா நேற்று நான் சுட்ட மீன் பீரோக் அடையில் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு, இதுல மீன எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். கை உடைந்த ஆளை அடிக்கக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டேன்.

துப்பாக்கி விஷயம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதவைத் திறக்கும்போதே "இருக்கறதுலயே பெருசு எது?" என்பார்கள். போன மாதம் ஒருவர் அப்படி ஒன்று வாங்கிப் போனார். அடுத்த வாரமே விற்கக் கொண்டுவந்தார். "என்னங்க, கரடி வந்துச்சா?" என்று கேட்டேன். "கரடி எப்ப வேணா வரட்டும். என் மணிக்கட்டு இப்பவே போயிருச்சு" என்றார்.

ஆகவே முதலில் ஒன்று செய். ஒரு தாளில் உன் வலது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. துப்பாக்கியின் பிடி கைக்குள் அடங்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். நாள் முழுக்கக் கட்டிக்கொள்ள முடியாத கனமும் வேண்டாம், அது கடைசியில் சுவரில்தான் தொங்கும். உப்புக்காற்றும் மணலும் பட்டாலும் வெடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், முதல் குண்டைச் சுட்ட பிறகு இரண்டாவதைச் சுட உனக்கே மனம் வர வேண்டும்.

இப்போதைக்கு மாமாவுடையதைச் சுட்டுப் பார். ஒரு காபி டப்பாவைக் கட்டையில் வைத்துச் சுடு. என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுது. நீ எதையாவது மறைத்தால் உன் எழுத்து சின்னதாகிவிடும், எனக்குத் தெரியும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். பான்யாக் குளியலறையில் அதிக நேரம் ஆவி பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று சொல், வயது ஆகிறது.

மாத்ரா


லாப்கா குடா,
மே 17

மாத்ரா அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா? மீன் எங்கே என்று கேட்டால் வாயில் முள் வைத்துக் கொடு.

மாமாவின் நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தேன். நல்ல துப்பாக்கிதான். சத்தம் அதிகம். குழல் நீளம், என் முழங்கை வரைக்கும் வருகிறது. டப்பாவில் படவில்லை, காற்று அடித்தது. கையை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம், அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை.

ஃபெக்லா

மாத்ரா, இது மாமா. அலமாரியாவது கதவாவது! இந்த வீட்டுல அலமாரிக்குக் கதவு இருந்து நீ பாத்திருக்கியா? துப்பாக்கி எகிறி நெத்தியில முத்தம் குடுத்துருச்சு. மொதக் குண்டு கடலுக்கு, ரெண்டாவது வானத்துக்கு. மூணாவது எங்க போச்சுன்னு இன்னும் தேடிட்டு இருக்கோம். "ஏன்டி கண்ண மூடிக்கிட்டு நிக்கிற, சர்ச்சுல ஜெபமா பண்ற?"ன்னு கேட்டேன். காபி டப்பாவுக்கு ஒரு கீறல் கூட இல்ல, நாளைக்கும் காபி போடலாம். நான் அவளத் திட்டல. என் துப்பாக்கியக் கொற சொல்லாத, அது நல்லது.


கோடியாக் டவுன்,
மே 23

ஃபெக்லா குட்டிக்கு,

நெற்றி வீக்கம் வடிந்ததா? அலமாரியை நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய கையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். சித்தப்பா வந்து பார்த்தார். தன் மாவுக்கட்டுக் கையை அதன் பக்கத்தில் வைத்தார். "இவ்வளவுதானா இவ கை?" என்றார். பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை என் சமையலைக் குறை சொல்லவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

நாற்பத்துநாலை மாமாவிடமே திருப்பிக் கொடு. மாமா உட்கார்ந்தால் படகு ஒரு பக்கம் சாயும், அவர் உடம்புக்கு அது சரி. தபால் விமானம் ஓட்டும் ஓரினிடம் ஒரு பிஸ்டல் இருக்கிறது. எடை குறைவு, தோட்டா நிறையப் பிடிக்கும், சுடும்போது உதையும் கம்மி. ஒரு வாரத்துக்குத் தருகிறேன் என்றார். ஆனால் ஒன்று: அந்த வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் மேல்பகுதி பின்னால் போய்த் திரும்ப வர வேண்டும். பிடிக்கிற கை தளர்ந்தால் பாதியில் நின்றுவிடும். நின்றால் சரிசெய்ய இரண்டு கை வேண்டும், பதற்றம் இல்லாத மனசும் வேண்டும். சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

கண்ணைத் திறந்துகொண்டு சுடு. காதில் பஞ்சு வைத்துக்கொள். பாதிப் பயம் சத்தத்தால்தான்.

மாத்ரா


லாப்கா குடா,
மே 31

மாத்ரா அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு மட்டும் இருமல், பான்யாவை விடமாட்டேன் என்கிறார். அப்பாவுக்கு எப்போது கட்டுப் பிரிக்கிறார்கள்?

இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், பார், எழுத்தும் பெரிதாக இருக்கிறது.

ஓரினின் பிஸ்டல் கையில் நன்றாக உட்கார்ந்தது. காதில் பஞ்சு வைத்தேன். முதல் குண்டு டப்பாவுக்குப் பக்கத்துக் கல்லில் பட்டது! கண் திறந்துதான் இருந்தது. இரண்டாவதும் சுட்டேன். மூன்றாவதுக்கு விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. தோட்டா குறுக்கே சிக்கிக்கொண்டு, வாயில் முள் குத்திய மீன் மாதிரி இருந்தது. சரிசெய்து மறுபடி சுட்டேன், மறுபடி சிக்கியது. மாமா சுட்டால் சிக்குவதே இல்லை. "துப்பாக்கி மேல தப்பில்ல, நீ அதப் பறவக்குஞ்சு மாதிரி புடிச்சிருக்க" என்றார். இறுக்கிப் பிடித்தால் கை நடுங்குகிறது. நடுங்கினால் குறி போகிறது. அதோடு ஒரு தடவை மணலில் வைத்துவிட்டேன், பிறகு அதைக் கழுவித் துடைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

நடுவில் பக்கத்துக் குடாக்காரர்கள் படகை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "எங்களுக்காக ஒண்ணு சுடு பாப்பா!" என்று கத்தினார்கள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். மாமா, "அவ வெக்கப்படறா, நீங்க போங்கப்பா, டப்பாவும் வெக்கப்படுது" என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் முனையைத் தாண்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

டப்பா இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மாமா பேர் வைத்துவிட்டார், 'ஜெனரல்'.

இன்றைக்கு ஓடையில் முதல் சால்மன் பார்த்தேன். மீன் வந்தால் அதைத் தின்ன அவரும் வருவார், தடம் போட்டவர்.

ஃபெக்லா


கோடியாக் டவுன்,
ஜூன் 6

ஃபெக்லா குட்டிக்கு,

உன் பெரிய எழுத்தைப் பார்த்து சித்தப்பாவுக்குச் சந்தோஷம். கட்டு பிரிக்க ஜூலை ஆகுமாம். மற்றபடி நலம். உன் நெற்றி, மாமாவின் இருமல், ஜெனரலின் உடல்நிலை எல்லாம் அடுத்த கடிதத்தில் வர வேண்டும்.

கிடைத்துவிட்டது. முந்நூற்று ஐம்பத்தேழு மேக்னம், ரிவால்வர். துருப்பிடிக்காத எஃகு, குழல் நாலு அங்குலம். ஊரை விட்டுப் போகிற ஒரு நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவுடையதைப் போல மலையைச் சாய்க்காது. ஆனால் கனமான குண்டு போட்டால் போதுமான வேலை செய்யும், நீ அதைக் குறி பார்த்து அடிப்பாய் என்றால். ரிவால்வரில் சிக்குவதற்கு அதிகம் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்து, அடுத்தது வந்து நிற்கும். யோசிக்க வேண்டியதில்லை.

பிடி மட்டும் உனக்குப் பெரிது. உன் கைப்படத்தை வைத்துப் பார்த்து, மெல்லிய ரப்பர் பிடி மாற்றியிருக்கிறேன்.

சித்தப்பா அதை நம்பவில்லை. "புதுசா பளபளன்னு இருக்கு. கடல் பாத்திருக்கா அது?" என்றார். நேற்று ஊருக்கு வெளியே சுடும் இடத்துக்குப் போனோம். துறைமுகத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் மணலைப் போட்டு, துப்பாக்கியை முக்கினார். எடுத்து உதறி, தோட்டா போட்டு, இடது கையால் சுட்டார். ஆறும் வெடித்தன. முதலாளியிடம் என்ன சொல்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "இது போதும். வாங்கு" என்றார். கட்டுப் பிரிக்காத கையால் என் முதுகில் தட்டிவிட்டு, "அய்யோ" என்று கத்தினார்.

ஓரினிடம் கொடுத்து அனுப்புகிறோம். இடுப்பு உறையும் வைத்திருக்கிறேன்.

மாத்ரா


லாப்கா குடா,
ஜூன் 14

அக்கா! அப்பா!

ஜெனரல் காலமானார்.

முதல் நாள் ஒரு ஓட்டை. மறுநாள் மூன்று. நேற்று மழையில், ஈரக் கையோடு, மாமா பின்னால் நின்று "கரடி வருது, வருது, உன் பூட்ஸ மோந்து பாக்குது" என்று கத்திக்கொண்டே இருக்க, ஆறில் ஐந்து. உதைக்கிறது, ஆனால் நான் தாங்குகிற அளவுக்கு உதைக்கிறது. அடுத்ததைச் சுட மனம் வருகிறது. நீ சொன்னது இதுதானா? டப்பாவை அடக்கம் பண்ணும்போது மாமா தொப்பியைக் கழற்றினார். "நல்ல மனுசன். கடைசி வரைக்கும் காபி குடுத்தான்" என்றார்.

வலை இறக்கிவிட்டோம். மீன் நன்றாக விழுகிறது. நான் தினமும் உறையைக் கட்டிக்கொண்டுதான் ஓடைக்குப் போகிறேன். உப்புச்சாரலில் கெடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல். நர்ஸுக்கு நன்றி. உனக்கு சால்மன்பெர்ரி பழுத்ததும் ஒரு வாளி.

நலமாக இருங்கள்.

ஃபெக்லா


கோடியாக் டவுன்,
ஜூலை 2

ஃபெக்லாவுக்கு,

நலமா? இரண்டு விமானம் வந்துவிட்டது, உன் கடிதம் ஒன்றிலும் இல்லை. ஓரினைக் கேட்டால், "அவ கரையில நின்னா, தலைய ஆட்டினா, போயிட்டா. தலைய ஆட்டறதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். நேற்று மாலை ரேடியோவில் ஊர்ச்செய்தி வாசிக்கும்போது மாமா அனுப்பியது வந்தது: "லாப்கா குடாவில் அனைவரும் நலம். ஃபெக்லாவுக்குப் பாதையில் ஒரு துணை கிடைத்தது." தீவு முழுக்கக் கேட்டிருக்கும். கடையில் என்னைப் பிடித்து மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார்கள்.

சித்தப்பா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. என்ன துணை? உடனே எழுது.

மாத்ரா


லாப்கா குடா,
ஜூலை 5

மாத்ராவுக்கு, மாமா எழுதுவது. என் இருமல் போய்விட்டது. அவள் எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

போன வாரம் தண்ணீருக்குப் போனாள். ஆல்டர் வளைவில் திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் கரடியின் பின்பக்கம். அது பெர்ரி தின்றுகொண்டிருந்திருக்கிறது. இவள் வந்ததே அதற்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தது. இரண்டு பேருமே திகைத்து நின்றிருக்கிறார்கள். துப்பாக்கியை எடுக்கக் கையைக் கொண்டுபோனாள். அது எங்கே இருந்தது தெரியுமா? மழைக்கோட்டுக்கு உள்ளே! கழுத்து வரை பட்டன் போட்டு, மேலே கயிறு கட்டி. அப்பா வாங்கிக்கொடுத்தது உப்புச்சாரலில் நனையக் கூடாதாம். நம் ஆட்கள் புகையிலை, தீப்பெட்டி, சாமிப்படம் எல்லாவற்றையும் கோட்டுக்குள்ளே வைத்துத்தானே பழக்கம். இவளும் அப்படியே வைத்திருக்கிறாள். நானும் தினம் பார்த்தவன்தான், எனக்கும் தோன்றவில்லை.

கரடி உறுமிவிட்டு, புதரை உடைத்துக்கொண்டு போய்விட்டது. நான் தேடிப் போனபோது இவள் அங்கேயே நின்று மூன்றாவது பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கரடி போயிருச்சுடி."

"தெரியும் மாமா."

"அப்புறம் எதுக்கு இன்னும் கழட்டற?"

"ஆரம்பிச்சிட்டேன்" என்றாள்.

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் தனியாக ஓடைக்குப் போகவில்லை, நான்தான் கூடப் போகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் நான் கிளம்ப வேண்டும். உன் சித்தப்பாவிடம் சொல்வதா வேண்டாமா, நீயே முடிவு பண்ணு. சொன்னால் அவன் இடத்தை விட்டுவிடுவான்.

நிக்கிஃபோர்


கோடியாக் டவுன்,
ஜூலை 11

ஃபெக்லா குட்டிக்கு,

நீ உயிரோடு, முழுசாக, பட்டன்களோடு இருக்கிறாய். அதுவே எனக்குப் போதும்.

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்தால் ரேடியோவில் கேட்டுவிடுவார். கோபம் வரவில்லை. ஆனால், "அப்ப வேணாம் மாத்ரா. டப்பாவச் சுடறது வேற, பாதையில நடக்கறது வேற" என்றார். நான் விடவில்லை. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டார்: கட்டுப் பிரித்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறார். அந்தப் பக்கக் கரையில் இறங்கி நிற்பார். நீ ஓடையைத் தாண்டி, மேடு ஏறி, தனியாக வந்து அவரைக் கூட்டிப்போக வேண்டும். மாமா கூட வரக் கூடாது. நீ வரவில்லையென்றால் அதே விமானம் உன்னையும் ஏற்றிக்கொள்ள மறுநாள் மறுபடி வரும்.

இத்துடன் இருப்பது மார்புப்பட்டை. படகு வார்ப்பட்டையில் நானே தைத்தேன், கோணலாக இருக்கும். மழைக்கோட்டுக்கு வெளியே, நெஞ்சுக்கு நேராக மாட்டிக்கொள். நனைந்தால் நனையட்டும், சித்தப்பாதான் அதை ஏற்கெனவே கடல் தண்ணீரில் முக்கி எடுத்தாரே.

இன்னொன்று. உன் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். தடம் எழுதியிருக்கிறாய், தண்ணீர் எழுதியிருக்கிறாய், டப்பா, காற்று, மீன் எல்லாம் இருக்கிறது. பாதையில் நீ என்ன சத்தம் போட்டுக்கொண்டு போகிறாய் என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. அங்கே நடக்கிற யாருமே வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லையே, ஆள் சத்தம் கேட்டால் கரடி தானே விலகிப் போகும். சித்தப்பா மீன் விலையைத் திட்டிக்கொண்டு போவார். மாமா பாடுவார், அதற்குக் கரடி மட்டுமா ஓடும், மீனும் ஓடும். நான் அங்கே இருந்தபோது வாய்ப்பாடு சொல்வேன். நீ?

கரடிக்கு நீ வந்தது தெரியவே இல்லை என்று மாமா எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. நீ ஆள் இல்லாத காட்டிலும் வெட்கப்படுகிறாய்.

கைவிடாத துப்பாக்கி எது என்று கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் அது கடைசிக்கு. அதற்கு முன்னால் போக வேண்டியது உன் குரல். என்ன வேண்டுமானாலும் சொல், யாரும் மார்க் போடப்போவதில்லை.

மாத்ரா


லாப்கா குடா,
ஜூலை 20

மாத்ரா அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். சோபாவும் நலமாக இருக்கும். அப்பா நலமாக வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை மழைத்தூறல். பட்டையைக் கோட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டேன், கோணல்தான், ஆனால் கை தானாகவே பிடியில் போய் நிற்கிறது. மாமா வாசலில் நின்று, "பாடு. என் பாட்டு ஒண்ணு தரேன், எடுத்துக்க" என்றார். வேண்டாம் என்றேன். ஆல்டர் வளைவு நெருங்கும் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். மீன் மாதிரி. ஒரு சொல்லும் வரவில்லை. வாய்ப்பாடு ஏழுக்கு மேல் எனக்குத் தெரியாது. மீன் விலையில் எனக்குக் கோபமும் இல்லை.

வளைவுக்குச் சற்று முன்னால், சேற்றில் தடம். தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

துப்பாக்கியை எடுத்தேன். இரண்டு கையிலும் பிடித்தேன். கண் திறந்துதான் இருந்தது. கை நடுங்கவில்லை அக்கா, அதுதான் எனக்கே ஆச்சரியம். பின்னால் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் மேசையும் அறுபது பேரும். அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சத்தமாக ஆரம்பித்தேன்.

"மாத்ரா அக்காவுக்கு! நான் நலம்! நீ நலமா? இங்கே மழை தூறிக்கொண்டிருக்கிறது! உன் மார்புப்பட்டை நன்றாக இருக்கிறது! ஆல்டர் புதருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார்! அவரும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்!"

புதர் அசைந்தது. அவர் எழுந்து நின்றார். இரண்டு காலில். தலை ஆல்டருக்கு மேலே தெரிந்தது, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். நான் நிறுத்தவில்லை. மாமாவின் இருமல் போய்விட்டதைச் சொன்னேன். வலையில் விழுந்த மீனைச் சொன்னேன். ஜெனரல் காலமானதைச் சொன்னேன். விசையின் மேல் விரலை வைக்கவில்லை, பக்கத்தில் நீட்டி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். இந்தக் கடிதம் தனக்கில்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி நாலு காலில் இறங்கி, புதர்களுக்குள் நடந்து போனார். ஓடவில்லை. எனக்கு வழிவிட்டார், அவ்வளவுதான்.

துப்பாக்கியைப் பட்டையில் செருகிவிட்டு, மேடு முழுக்க எழுதிக்கொண்டே, அதாவது கத்திக்கொண்டே ஏறினேன். உச்சிக்கு வந்தபோது கீழே கரையில் அப்பா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஓரின் விமான மிதவை மேல் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது.

"என்னடி, கரடிக்குக் கடுதாசி போட்டியா?" என்றார் அப்பா.

எனக்கு முகம் சுட்டது. ஆனால் வீட்டுக்குள் ஓட அங்கே வீடு இல்லை.

"எங்க இருந்துச்சு?"

"வளைவுல."

"சுட்டியா?"

"இல்ல. சுட்டிருப்பேன்."

அப்பா என் நெஞ்சில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். மழையில் நனைந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் விரலால் அதைத் துடைக்கப் போனவர், துடைக்கவில்லை. ஓரினிடம் திரும்பி, "நாளைக்கு நீ வர வேணாம். அடுத்த வாரம் தபாலோட வா. பக்கத்துக் குடாவுல எறங்கி, நம்ம வல போடற எடம் இந்த வருசம் கெடைக்காதுன்னு சொல்லிரு" என்றார். பிறகு பெட்டியை நல்ல கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன நிக்கிற? நீதான் துப்பாக்கிக்காரி. முன்னால போ."

நான் முன்னால் போனேன். ஆல்டர் வளைவுக்கு முன்னாலேயே பிடியில் கையை வைத்து, "மாத்ரா அக்காவுக்கு!" என்று மறுபடி ஆரம்பித்தேன்.